ஒன்பதாம் கட்டில் நோயாளியின் மாறுபட்ட மனப்பாங்கு

கெட்டூரா பின்ஸுக்கு ரத்தத்தைக் கண்டால் பயமில்லை. பிணத்தைக் கண்டாலும் பயமில்லை; முதல் வருடத்திலேயே மூன்று பேரைக் குளிப்பாட்டித் துணி சுற்றி அனுப்பியிருக்கிறாள். ஒரு சனிக்கிழமை மதியம் ரம் ஏறிப்போய் வெட்டுக்கத்தியோடு வார்டுக்குள் வந்து நின்ற ஒருத்தனிடம், “ஐயா, கத்தியை அந்தத் தட்டுல வெச்சிட்டு உக்காருங்க, முதல்ல உங்க காயத்தைப் பாப்போம்” என்று சொல்லி உட்கார வைத்தவள் அவள். அவள் பயந்தது உலகத்தில் ஒரே ஓர் இடத்துக்குத்தான். புனித ஹில்டா செவிலியர் கல்லூரியின் இரண்டாம் மாடியில், படி ஏறியதும் இடப்பக்கம், எப்போதும் சாத்தியே கிடக்கும் ஒரு கதவு. அதன்மேல் பித்தளைப் பலகையில் ‘கல்விசார் ஆங்கில எழுத்துத்திறன் பிரிவு’ என்று எழுதியிருக்கும்.

அந்தக் கதவைத் தாண்டும்போதெல்லாம் அவள் எதிர்ச்சுவரை ஒட்டியே நடப்பாள். ஏற்கெனவே இரண்டு சிவப்பு வாங்கியிருந்தாள். மூன்றாவது விழுந்தால் சீருடையை மடித்துக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். வீட்டிலோ அம்மா ஒவ்வொரு ஞாயிறும் தேவாலயத்தில் எழுந்து நின்று, “என் மக நர்ஸுக்காக ஜெபிங்க” என்று கேட்டுக்கொண்டிருந்தாள். சபையும் ஆமென் சொல்லிக்கொண்டிருந்தது. இரண்டு வருடத்து ஆமெனை எந்த முகத்தோடு திருப்பிக் கொடுப்பது?

சிவப்பு என்பது மெஷின் போடுவது. மலைமேல் இருக்கும் எங்கள் ஆஸ்பத்திரியில் தேர்ந்த நர்ஸுகள் பாதிப்பேர் விமானம் ஏறிப்போய்விட்டார்கள். மிச்சமிருந்த ஒருத்தி மூன்று வார்டைப் பார்த்தாள். ஆகவே நோயாளிகளைப் பற்றிய குறிப்புகளை மாணவிகளே எழுதினார்கள். இதைக் கேள்விப்பட்ட எழுத்துத்திறன் பிரிவு, மாணவி எழுதுவது எதுவானாலும் அது கல்விசார் கட்டுரையே என்று கண்டுபிடித்து, ஆஸ்பத்திரியோடு ஓர் ஒப்பந்தம் போட்டது. அன்று முதல் வார்டுக் குறிப்புகள் எல்லாம் கம்ப்யூட்டர் வழியாக முதலில் இரண்டாம் மாடிக்குப் போகும். அங்கே மெஷின் படித்துப் பார்க்கும். பச்சை விழுந்தால் குறிப்பு நோயாளியின் ஃபைலுக்குள் போகும். சிவப்பு விழுந்தால் போகாது. ஃபைலில் இல்லாததை மாணவிகள் வாயால் சொல்வதும் கூடாது. ஆதாரம் காட்டாத பேச்சு என்று அதற்கும் ஒரு சிவப்பு உண்டு.

கெட்டூராவின் முதல் சிவப்பு, நான்காம் கட்டில்காரரைப் பற்றி அவள் எழுதிய ஒரு வரிக்காக விழுந்தது. ‘காலை 6.10க்கு நோயாளி இறந்துவிட்டார்’ என்று எழுதியிருந்தாள். பிரிவின் தலைவர் டாக்டர் லின்வல் பென்னிகுக் அவளைக் கூப்பிட்டனுப்பினார்.

“‘இறந்துவிட்டார்’ என்பது மிக வலுவான கூற்று, மிஸ் பின்ஸ். கல்வியாளர்கள் இவ்வளவு உறுதியாகப் பேசுவதில்லை. ‘இறந்திருக்கக்கூடும் எனக் கருத இடமுண்டு’ என்றல்லவா எழுதியிருக்க வேண்டும்?”

“சார், சனிக்கிழமை அவரைப் பொதைச்சுட்டாங்க.”

“அதற்கு ஆதாரம் இருக்கிறதா?”

“நானே போயிருந்தேன், சார்.”

“‘நான்’ என்ற சொல் இந்த அறையில் புழங்குவதில்லை” என்று பென்னிகுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

இரண்டாவது சிவப்பு காப்பியடித்ததற்கு. பதினான்கு நோயாளிகளுக்கும் ‘காய்ச்சல் இல்லை’ என்று எழுதிவிட்டாள். பதினான்கும் ஒன்றுபோலவே இருப்பதாகவும், தொண்ணூற்றொரு சதவீதம் திருட்டு எழுத்து என்றும் மெஷின் சொன்னது. மற்ற மாணவிகள் விவரமானவர்கள். ஒருத்தருக்குக் ‘காய்ச்சல் இல்லை’ என்றும், அடுத்தவருக்கு ‘உடல் வெப்பம் இயல்பினின்று விலகியதாகத் தெரியவில்லை’ என்றும் எழுதி, கடைசி ஆளுக்கு வரும்போது வார்த்தை தீர்ந்துபோய் இலேசாகக் காய்ச்சல் இருப்பதாகவே போட்டுவிடுவார்கள். அவருக்கு மாத்திரையும் கொடுக்கப்படும்.

பென்னிகுக் கெட்டவர் என்று யாரும் சொல்ல முடியாது. மாணவிகள் சேர்ந்த முதல் நாளன்று அவர் ஆற்றிய உரையிலேயே எல்லாவற்றையும் மனம் திறந்து சொல்லிவிட்டார்.

“ஊசியைத் தப்பாகப் போட்டால் ஒரு நோயாளிக்குத்தான் கெடுதல்” என்றார். “வாக்கியத்தைத் தப்பாகப் போட்டால் கல்லூரிக்கே கெடுதல். இந்தப் பதினேழு ஆண்டுகளில் ஒருமுறைகூட நான் வார்டுக்குள் கால் வைத்ததில்லை. நோயாளிகளைப் பார்த்துவிட்டால் நடுநிலைமை போய்விடும். என் முனைவர் பட்ட ஆய்வு, செவிலியர் கட்டுரைகளில் ‘ஆயினும்’ என்ற சொல் எங்கே வரவேண்டும் என்பது பற்றியது. முந்நூற்று நாற்பது பக்கம். முடிவு, உறுதியாகச் சொல்வதற்கில்லை என்பது.”

எல்லோரும் கை தட்டினார்கள். கெட்டூராவும் தட்டினாள். அன்றிலிருந்துதான் அவளுக்குப் பயம் பிடித்தது.

ஈஸ்டர் முடிந்து இரண்டு வாரம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் மாஸ் ஒபாடியா வந்து சேர்ந்தார். எழுபத்தொரு வயது; ‘மாஸ்’ என்பது ஊரில் பெரியவர்களுக்குக் கொடுக்கும் மரியாதை. கிழங்குக்கு மண் கூட்டும்போது வெட்டுக்கத்தி சறுக்கிக் கெண்டைக்காலில் இறங்கிவிட்டது. பத்து நாள் இலையை அரைத்துக் கட்டிப் பார்த்து, சீழ் பிடித்தபின், ஒரு கையில் ஊன்றுகோலும் இன்னொரு கையில் ஈஸ்டருக்கு வாங்கிய பன் ரொட்டியின் அட்டைப்பெட்டியுமாக வந்தார். பெட்டிக்குள் மாற்றுத்துணி, சோப்பு, பைபிள். ஒன்பதாம் கட்டில் கொடுத்தார்கள்.

“நர்ஸம்மா, இங்க வா” என்று கெட்டூராவைக் கூப்பிட்டு, பைபிளுக்குள்ளிருந்து பிளாஸ்டிக் காகிதத்தில் சுற்றிய ஒரு சீட்டை எடுத்தார். “இதை முதல்ல எழுதிக்கோ. மத்ததெல்லாம் பொறவு.”

பழுப்பேறிய கிளினிக் சீட்டு. சிவப்பு மையில் இரண்டே வரி: ‘பென்சிலின் ஒத்துக்கொள்ளாது. போட்டால் உயிருக்கு ஆபத்து.’

“வெள்ளம் வந்த வருஷம் ஒருதரம் போட்டாங்கம்மா. கண்ணிமைக்கிற நேரத்துல தொண்டை அடைச்சுக்கிச்சு. நாக்கு இம்மாம் பெருசு. எங்கம்மா சவப்பெட்டிக்கு அளவெடுக்க ஆள் அனுப்பிட்டா. அந்த ஆசாரி இன்னும் இருக்கான், என்னைப் பாத்தா இப்பவும் ஒருமாதிரி பாக்குறான்.”

கெட்டூரா சீட்டில் இருந்ததை அப்படியே ஒரு எழுத்து மாறாமல் எழுதி அனுப்பினாள். இதில் என்ன தப்பு வந்துவிடப் போகிறது என்று நினைத்தாள். கால்மணி நேரத்தில் திரையின் ஓரத்தில் மஞ்சள் விளக்கு எரிந்தது. மாலை நான்கு மணிக்குள் திருத்தாவிட்டால் அது சிவப்பாகிவிடும். கீழே காரணம் போட்டிருந்தது. குறிப்பு, பழைய சீட்டோடு நூறு சதவீதம் ஒத்துப்போகிறது. சீட்டின் வயது ஐந்தாண்டுக்கு மேல். மேலதிகமாகக் காட்டப்பட்ட ஆதாரமான நோயாளி, சக அறிஞர்களால் மதிப்பிடப்படாதவர்.

அவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். அன்று மதியம் மாஸ் ஒபாடியாவுக்கு மயக்கம் கொடுத்துக் காலைச் சுத்தம் செய்யப் போகிறார்கள். சீழ் இருப்பதால் அதன்பின் மருந்து கொடுப்பார்கள். ஃபைலைப் பார்த்துத்தான் கொடுப்பார்கள். ஃபைலில் ஒன்றும் இல்லை.

வளாகத்தின் மறுகோடியிலிருந்த கல்லூரியின் இரண்டாம் மாடிக்கு ஓடினாள். கதவைத் தட்டுவதற்குள் மூன்று முறை கையை இழுத்துக்கொண்டாள்.

பென்னிகுக் அன்று நல்ல மனநிலையில் இருந்தார். நாற்காலி காட்டினார்.

“பதற வேண்டாம். உங்கள் கருத்தை உங்கள் சொந்த வார்த்தையில் சொல்லவேண்டும், அவ்வளவுதானே? ‘பென்சிலின்’ என்று பெயர் குறிப்பிடுவது ஒரு மருந்தின்மேல் பாரபட்சம் காட்டுவதாகும். என்ன போடலாம்?”

“வந்து… ‘சில நுண்ணுயிர்க்கொல்லிகள்’?”

“அருமை! ‘ஒத்துக்கொள்ளாது’ என்பது?”

“உடம்பு ஏத்துக்காது, சார்.”

“உடம்பைப் பற்றி நமக்கு என்ன தெரியும்? நோயாளி சொன்னதுதானே தெரியும். ஆகவே அது அவருடைய மனப்பாங்கு.”

“உயிருக்கு ஆபத்துன்னு…”

“அச்சுறுத்தும் தொனி” என்று பென்னிகுக் அதை அடித்தார். “கல்விசார் எழுத்து யாரையும் பயமுறுத்தாது.”

கெட்டூரா நாற்காலியின் நுனிக்கு வந்தாள். ஐயா, அந்த ஆள் செத்துப்போவார் என்று சொல்ல வாயெடுத்தாள். மூன்றாவது சிவப்பு கண்முன்னே வந்தது, அம்மா தேவாலயத்தில் எழுந்து நிற்பது வந்தது. வாயை மூடிக்கொண்டாள். ஒருமணி நேரம் இருவரும் செதுக்கினார்கள். கடைசியில் வந்த வாக்கியம் இது:

‘ஒன்பதாம் கட்டில் நோயாளியிடம், சில நுண்ணுயிர்க்கொல்லிகள் குறித்து ஓரளவு மாறுபட்ட மனப்பாங்கு நிலவக்கூடும் எனக் கருத இடமுண்டு.’

மெஷின் முழுசாக ஒரு நிமிடம் யோசித்தது. பிறகு பச்சை காட்டியது. திருட்டு, பூஜ்யம் சதவீதம். பிரிவு ஆரம்பித்த நாளிலிருந்து பூஜ்யம் யாருக்கும் விழுந்ததில்லை. பென்னிகுக் எழுந்து நின்று கை கொடுத்தார். அந்த வாக்கியத்தை அச்செடுத்துக் கையெழுத்துப் போட்டு அவளிடம் கொடுத்து, பித்தளைப் பலகைக்குக் கீழே நிற்கவைத்துப் போட்டோவும் எடுக்கச் சொன்னார். போட்டோக்காரர் வந்து சேர்வதற்குள் அவளுடைய வேலை நேரம் முடிந்துவிட்டது. வார்டுக்குப் போகாமலே வீட்டுக்குக் கிளம்பிவிட்டாள். பச்சை விழுந்துவிட்டதே, இனி என்ன என்ற நிம்மதி அவளுக்கு. அந்த நிம்மதியை அவள் பிற்பாடு மன்னிக்கவே இல்லை.

மலைச்சாலையில் இறங்கும் டாக்ஸியில் பின்சீட்டில் நான்கு பேர். கெட்டூராவின் மடியில் யாருடைய மீன்பையோ இருந்தது. டிரைவர் கண்ணாடியில் பார்த்தார்.

“என்ன நர்ஸம்மா, கையில காகிதத்தை வெச்சிட்டுச் சிரிக்கிற? காதல் கடிதாசா?”

“இல்லண்ணா, நான் எழுதினது. பரிசு மாதிரி.”

“படி, கேப்போம்.”

அவள் படித்தாள். டிரைவர் ஒரு வளைவைத் திருப்பி முடித்தார்.

“நல்லாத்தான் இருக்கு” என்றார் டிரைவர். “அப்படின்னா என்ன?”

“அந்தப் பெரியவருக்குப் பென்சிலின் போட்டா செத்துடுவாருன்னு அர்த்தம்.”

“சரி. அது இதுல எங்க இருக்கு?”

கெட்டூரா காகிதத்தைப் பார்த்தாள். மறுபடி பார்த்தாள். எங்கேயும் இல்லை. பெரியவரும் இல்லை, பென்சிலினும் இல்லை, சாவும் இல்லை.

“நான் கேட்டதுல சொல்றேன்” என்றாள் மீன்பைக்காரி. “ஏதோ மருந்து முழுங்க அழிச்சாட்டியம் பண்ற கெழவன் போலன்னுதான் நெனச்சேன்.”

“வண்டியை நிறுத்துங்க!” என்று கெட்டூரா போட்ட கூச்சலில் டிரைவர் சாலையோரச் சரளையில் ஏற்றிவிட்டார்.

மேட்டில் ஒன்றரை மைல். வெள்ளைச் சப்பாத்து செம்மண்ணில் சிவந்துபோக ஓடினாள். கடவுளே, மாத்திரையாக இருக்கட்டும், அவர் முழுங்க மாட்டேன் என்று சொல்லட்டும் என்று வேண்டிக்கொண்டே ஓடினாள்.

மாத்திரையாகத்தான் இருந்தது. டாக்டர், ஃபைலில் தடை ஏதும் இல்லாததால், பென்சிலின் மாத்திரைதான் எழுதியிருந்தார். மூன்று வார்டையும் பார்க்கும் நர்ஸ் வெரோனா ஃபேஸி அன்று மாலை ஃபைலைத் திறந்து, பச்சை வாக்கியத்தை இரண்டு தடவை படித்தாள். அவளுக்கு எதையும் விட்டுவிடக் கூடாது என்ற பொறுப்பு உண்டு. டாக்டருக்குப் போன் போட்டாள். “சார், ஒன்பதாம் கட்டில் ஆளு மருந்துன்னா மொகத்தைத் திருப்புற ரகம் போலிருக்கு. மாத்திரையைத் துப்பிட்டாருன்னா? ஊசியாவே போட்டுடட்டுமா?” என்று கேட்டாள். நல்ல யோசனை என்றார் டாக்டர்.

மாஸ் ஒபாடியா மயக்கம் தெளியாமல் வாயைத் திறந்து குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். வெரோனா அவருடைய கையைப் பஞ்சால் துடைத்து ஊசியை எடுத்தபோது, வார்டுக் கதவு சுவரில் மோதிய சத்தம் கேட்டது.

“போடாதீங்க! அது பென்சிலின்! செத்துடுவாரு!”

இப்படி ஒரு சத்தத்தை அந்த வார்டு கேட்டதில்லை. தட்டு கவிழ்ந்தது. ஊசி கட்டிலுக்கடியில் உருண்டு போனது. கெட்டூரா ஒன்பதாம் கட்டிலின் கால்மாட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்தாள். “பைபிளுக்குள்ள சீட்டு இருக்குக்கா” என்றாள். வெரோனா பைபிளுக்குள் இருந்த சீட்டை எடுத்துப் படித்தாள். படித்துவிட்டு அவளும் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

“அடிப்பாவி” என்றாள். “இதை இப்படியே எழுதியிருக்கலாம்ல?”

“எழுதினேன்க்கா” என்று கெட்டூரா அழுதாள்.

மறுநாளே விசாரணைக்கு ஓலை வந்தது. பென்னிகுக் நடுவில், அவருக்கு இருபுறமும் தலையாட்டுவதற்கென்று இரண்டு பேர். கெட்டூராவின் கூச்சலை யாரோ எழுத்தில் பதிந்து மெஷினுக்குக் கொடுத்திருந்தார்கள். மூன்று வாக்கியத்திலும் தயக்கச் சொல் ஒன்றுகூட இல்லை, ஆதாரம் இல்லை, போதாததற்கு ஊர்ப்பேச்சு. மேலும், ‘போடாதீங்க’ என்பது ஏற்கெனவே பலரும் பயன்படுத்திய சொல்.

“‘போடாதீங்க’ என்ற கூற்றுக்கு உங்கள் ஆதாரம் யாது?” என்றார் பென்னிகுக்.

“அவங்க கையில இருந்த ஊசி, சார்.”

“அது எந்த ஆண்டு வெளியானது?”

அப்போது கதவைத் தள்ளிக்கொண்டு சக்கர நாற்காலியில் மாஸ் ஒபாடியா வந்தார். தள்ளிக்கொண்டு வந்தவள் வெரோனா.

“ஐயாமாரே, இந்தப் பொண்ணு அன்னிக்குக் கத்தலேன்னா இந்நேரம் அந்த ஆசாரிக்கு வேலை வந்திருக்கும். அதைச் சொல்லத்தான் வந்தேன்.”

“சாட்சி பிறந்து எழுபத்தொரு ஆண்டுகள் ஆகின்றன” என்றார் பென்னிகுக் வருத்தத்தோடு. “ஐந்தாண்டுக்கு மேற்பட்ட ஆதாரங்களைப் பிரிவு ஏற்பதில்லை.”

“அப்ப என் பேரனைக் கூட்டியாரவா? அவனுக்கு நாலு வயசு. ஆனா அன்னிக்கு அவன் இங்க இல்லையே!”

“உங்கள் உணர்வுகளை மதிக்கிறோம். ஆனால் மரணம் நிகழவில்லை. ஆகவே நிகழ்ந்திருக்கும் என்பது வெறும் ஊகம்.”

“நிகழ்ந்திருந்தா?” என்று வெரோனா கேட்டாள்.

பென்னிகுக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். “நிகழ்ந்திருந்தால்,” என்றார், “அது வலுவான ஆதாரமாக இருந்திருக்கும்.”

இரண்டு பேரும் தலையாட்டினார்கள். தீர்ப்பு எழுத்து மூலமாக வரும் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

திரும்பி வந்த மாஸ் ஒபாடியா கட்டிலில் ஏறியதும் முதல் காரியமாகத் தன் பன் பெட்டியின் மூடியைக் கிழித்தார். வெரோனாவிடம் தடித்த பேனா வாங்கி, ‘எனக்குப் பென்சிலின் ஒத்துக்காது. போட்டா செத்துடுவேன். ஒபாடியா’ என்று ஊர்ப்பேச்சில் எழுதி, கட்டுத்துணி நாடாவால் கால்மாட்டுக் கம்பியில் தொங்கவிட்டார். எட்டாம் கட்டில்காரர் அதைப் படித்தார். படித்துவிட்டு, மிச்ச அட்டை இருக்கிறதா என்று கேட்டார். ஈஸ்டர் முடிந்த சமயம், பன் பெட்டிக்குப் பஞ்சமில்லை. அந்த வாரக் கடைசியில் வார்டு முழுக்க அட்டை தொங்கியது. ‘சர்க்கரை இருக்கு, டீயில போடாதீங்க.’ ‘இடது காது கேக்காது. இந்தப் பக்கம் வந்து பேசு.’ ‘அறுக்க வேண்டியது வலது முட்டி. இடது நல்லாத்தான் இருக்கு, அதைத் தொடாதீங்க.’ வெரோனா அட்டையைப் பார்த்தே மருந்து கொடுத்தாள். ஃபைல்கள் பாட்டுக்குப் பச்சையாக அலமாரியில் இருந்தன.

கெட்டூராவுக்கு மட்டும் சோறு இறங்கவில்லை. தீர்ப்பு இன்றைக்கு வரும், நாளைக்கு வரும் என்று மூன்று வாரம் போனது. பென்னிகுக் எழுதிய தீர்ப்பு அவருடைய பழைய தீர்ப்புகளோடு எண்பத்தெட்டு சதவீதம் ஒத்துப்போவதாக மெஷின் திருப்பித் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்ததாம். அம்மாவிடம் அவள் ஒன்றும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் ஆமென் கேட்கும்போது மட்டும் தலையைக் குனிந்துகொள்வாள்.

கடைசியில் கடிதம் வந்தது. பச்சை முத்திரையோடு ஒரே வாக்கியம்: ‘மாணவியின் தொடர்ச்சி குறித்து, நிலவும் சூழல்களின் அடிப்படையில், ஒரு குறிப்பிட்ட நிலைப்பாடு எட்டப்பட்டிருக்கக்கூடும் எனக் கருத இடமுண்டு, ஆயினும்.’

‘ஆயினும்’ என்பதோடு முடிந்திருந்தது. கெட்டூரா அதை வெரோனாவிடம் கொண்டுபோனாள். வெரோனா படித்தாள். மாஸ் ஒபாடியாவுக்குப் படித்துக் காட்டினாள். கல்லூரி அலுவலகத்தில் கேட்டால், கடிதத்துக்குப் பொருள் கூறுவது அலுவலகத்தின் வேலையல்ல என்றார்கள்.

“வேலைக்கு வா” என்றாள் வெரோனா. “போன்னு எங்க எழுதியிருக்கான்?”

“இருன்னும் எழுதலையேக்கா.”

“அதனாலதான் சொல்றேன், வா.”

அப்படியே வந்துகொண்டிருந்தாள். தினம் காலையில் வாசல் காவலாளியைத் தாண்டும்போது, இன்றைக்கு நிறுத்திவிடுவான் என்றே நினைப்பாள். அவன் நிறுத்தியதில்லை. அவனுக்கும் கடிதம் புரிந்திருக்காது.

அதற்கடுத்த வியாழக்கிழமை காலை பத்து மணிக்குக் கல்லூரி வேன் ஆஸ்பத்திரிக்கு வந்து நின்றது. டாக்டர் பென்னிகுக்கை இரண்டு பேர் தாங்கிக்கொண்டு இறக்கினார்கள். குடல்வால் வீங்கிச் சீழ் வைத்திருந்தது. பத்தொன்பது வருடத்தில் முதல் தடவையாக அவர் வார்டுக்குள் வந்தார், அதுவும் படுத்தபடி. பத்தாம் கட்டில்தான் காலியாக இருந்தது.

தன் ஃபைலை வேறு யாரையும் எழுத விடாமல் அவரே சொல்லிச் சொல்லி எழுத வைத்தார். எல்லாம் முடிந்து மெஷின் பச்சை காட்டியதும் தலையணையில் சாய்ந்து வார்டைச் சுற்றிப் பார்த்தார். அட்டைகளை ஒவ்வொன்றாகப் படித்தார். பக்கத்துக் கட்டிலின் அட்டைக்கு வந்தபோது கண் அங்கேயே நின்றது. கால் புண் ஆறி, மறுநாள் வீட்டுக்குப் போகவிருந்த மாஸ் ஒபாடியா, “நல்லாப் படிங்க சார், எழுத்து கொஞ்சம் கோணல்” என்றார்.

வார்டின் அந்தக் கோடியிலிருந்து வெரோனாவின் மருந்து வண்டி கிளம்பும் சத்தம் கேட்டது. ஒரு சக்கரம் எப்போதும் கீச்சிடும். பென்னிகுக் தன் கால்மாட்டுக் கம்பியைப் பார்த்தார். அதில் ஒன்றும் தொங்கவில்லை.

கெட்டூரா போர்வையைச் சரிசெய்யக் குனிந்தபோது அவர் அவளுடைய மணிக்கட்டைப் பிடித்தார்.

“பொண்ணே… அந்த அட்டை இன்னும் ஒண்ணு இருக்குமா?”

அவர் ஊர்ப்பேச்சு பேசி அவள் கேட்டதில்லை. அவருக்கு அது தெரியும் என்றே அவள் நினைத்ததில்லை.

“என்ன எழுதணும், சார்?”

“எனக்கும் பென்சிலின் ஒத்துக்காது. ஏழு வயசுல போட்டுட்டாங்க. மூச்சே நின்னு போச்சு.”

கெட்டூரா தன் மணிக்கட்டைப் பிடித்திருந்த கையைப் பார்த்தாள். அன்று அந்த மேஜையில் ‘உயிருக்கு ஆபத்து’ என்பதை அடித்த கை இதுதான். என்ன அடிக்கிறோம் என்று அந்தக் கைக்குத் தெரிந்தே இருந்திருக்கிறது.

“ஃபைல்ல எழுதலையா, சார்?”

“எழுதினேன்” என்று அவர் கண்ணை மூடிக்கொண்டார். “பச்சை விழுந்துச்சு. அதான் பயமா இருக்கு.”

வண்டி மூன்றாம் கட்டிலுக்கு வந்திருந்தது. கெட்டூரா நகரவில்லை. அவளுக்கும் ஒன்று கேட்க வேண்டியிருந்தது. நான்கு வாரமாக அவளைத் தின்றுகொண்டிருந்தது அது.

“சார், எனக்கு வந்த அந்தக் கடிதம். நான் படிக்கிறேனா, போறேனா?”

“எனக்கே தெரியலம்மா” என்றார். அவர் பொய் சொல்லவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. “மெஷின் பச்சை காட்டுச்சு. அனுப்பிட்டேன். நீ முதல்ல எழுதும்மா, அவங்க வந்துட்டு இருக்காங்க.”

மாஸ் ஒபாடியா தன் பன் பெட்டியின் கடைசிப் பக்கத்தைக் கிழித்து நீட்டினார். கெட்டூரா அதை முழங்காலில் வைத்து, தடித்த பேனாவால் எழுதினாள். ‘எனக்குப் பென்சிலின் ஒத்துக்காது. போட்டா செத்துடுவேன்.’ எழுதி முடித்து அவருக்குத் தூக்கிக் காட்டினாள்.

சக்கரம் ஏழாம் கட்டிலில் கீச்சிட்டது. பென்னிகுக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாகப் படித்தார்.

“‘செத்துடுவேன்’கிறதை மட்டும் இன்னும் கொஞ்சம் பெருசா எழுதும்மா” என்றார்.